ஒழுகல் நின்ற ஞாயிறு

என் வீட்டுக்காரர் அந்த மோட்டார் சைக்கிள் மேல் வைத்திருந்த பாசத்தில் பாதியை என் மேல் வைத்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் சதை போட்டிருப்பேன் என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பேன். எண்பதுகளின் தொடக்கம். நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அவர் ஃபீல்டு ரைட்டர். யார் வேலைக்கு வந்தார்கள், எந்தச் சரிவில் என்ன வேலை நடந்தது, களத்தில் காயும் காப்பி எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று எல்லாம் அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். எஸ்டேட் ஒரே இடத்தில் இருந்தால் பரவாயில்லை. இந்த மலையில் கொஞ்சம், எதிர் மலையில் கொஞ்சம், நடுவே பள்ளத்தில் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தது. வண்டி ஓட்டாத ரைட்டர் அங்கே ஒரு வாரம் தாக்குப்பிடிக்க மாட்டார். வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் வீடும் எஸ்டேட்டுடையதுதான். நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

வண்டியின் முன் ஃபோர்க் ஒழுகிக்கொண்டிருந்தது. முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் நிற்கிற குழாய்கள்தான் ஃபோர்க். உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கும். அந்த எண்ணெய் வெளியே வந்துவிடாமல் வாயைக் கட்டி நிற்பது ஒரு ரப்பர் வளையம், ஆயில் சீல் என்பார்கள். எங்கள் ரோட்டில் எந்த ரப்பர் நிலைக்கும்? சீல் தேய்ந்து, எண்ணெய் குழாயோடு வழிந்து, கீழே சக்கரத்தின் பிரேக்குக்குள்ளேயே இறங்கிவிட்டது. காலையில் வண்டி நின்ற இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் கிடக்கும். நான் சாம்பல் போட்டுத் தேய்ப்பேன், மறுநாளும் கிடக்கும்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் இரண்டு முறை விழுந்தார். முதல் முறை எஸ்டேட் கேட்டுக்கு மேலே இருக்கிற வளைவில், தனியாக. இரண்டாம் முறை பின்னால் நான் இருந்தேன். வேகம் ஒன்றுமில்லை. காப்பிப் பழம் தோலுரிக்கிற பல்பர் வீட்டுக்குப் பக்கத்தில் சரிவில் இறங்கினோம், முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது. வண்டி நிற்காமல் வேலிப்புதருக்குள் போய்ச் சாய்ந்தது. சருகுக் குவியல் மேல் விழுந்ததால் எனக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. வெளுத்துப்போய், "பிரேக் புடிக்கல புள்ள, எண்ணெ எறங்கிருச்சு, நானென்ன பண்ணட்டும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சேதி மானேஜர் காதுக்குப் போயிற்று. இன்னொரு முறை விழுந்தால் வேறு ரைட்டரைப் பார்த்துக்கொள்வேன் என்று களத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னது வேறு. "அந்த சீலை மாத்தாம உன்னைய இந்த வண்டியில ஏத்த மாட்டேன்" என்றார். அதிலிருந்து நான் ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில்தான் போய்வந்தேன். பஸ் வரும்வரை நின்று நின்று என் கால் வீங்கியதுதான் மிச்சம்.

சேலத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நாலைந்து நாள் இழுத்தடிப்பார்கள். அத்தனை நாள் வண்டி இல்லாமல் ரைட்டர் என்ன செய்வார்? அதனால் ஆயில் சீலை மட்டும் பஸ் டிரைவரிடம் சொல்லி வாங்கிவரச் செய்தார். மருந்துச் சீட்டுக்கு மாத்திரை வாங்கி வருவதிலிருந்து மல்லிகைப்பூ வரைக்கும் மலைக்கு அப்படித்தான் எல்லாம் ஏறி வரும். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலிலேயே மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று.

அன்று காலையில் பனி வாசல் வரைக்கும் வந்து நின்றது. அவர் ஸ்பேனரை எடுத்தார், கீழே விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி விழுந்தது. "குளுர்ல வெரலு மரத்துக் கெடக்குது" என்று கையை அடுப்புக்கு நேரே நீட்டினார். தை மாதத்தில் அங்கே யாருக்குத்தான் விரல் மரக்காது? பால் கறக்கிறவர்கள்கூட வெந்நீரில் கை நனைத்துவிட்டுத்தான் மாட்டுக்குக் கீழே உட்காருவார்கள். நான் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

எஞ்சினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையும் துணி துவைக்கிற கல்லும் வைத்து வண்டியை நிறுத்தினார். முன் சக்கரத்தைக் கழற்றி பிரேக்கைத் திறந்ததும் ஒரு கூச்சல் போட்டார். நான் என்னவோ ஏதோ என்று ஓடினேன். பிரேக் கட்டைகள் எண்ணெயில் ஊறிக் கறுப்பாகப் பளபளத்தன.

"பாத்தியா! நான் பொய்யா சொன்னேன்? இந்தக் கருமத்த வெச்சுக்கிட்டு எவன் ஓட்டுனாலும் வுழுவான்!"

எனக்கும் மனசு லேசாயிற்று. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன். குற்றவாளி கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். இனி மாற்ற வேண்டியது ஒரு ரப்பர்தானே. கட்டைகளைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறத்தில் வைத்து வெயிலுக்குக் காத்திருந்தோம். ஃபோர்க்கிலிருந்து வடிந்த எண்ணெயைப் பிடிக்க அவர் என்னுடைய குழம்புச் சட்டியை எடுத்ததற்கு ஒரு பாட்டம் சண்டை நடந்தது. அந்தச் சட்டியை அன்றைக்கே குப்பையில் போட்டேன்.

கையில் ஒட்டிய எண்ணெயை அவர் கந்தையால் துடைத்தபோது வலது மணிக்கட்டுக்கு மேலே வெளிறின திட்டு தெரிந்தது. புதுசொன்றும் இல்லை. இலைநோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து காப்பிச் செடிக்கு அடிப்பார்கள். அது தெறித்து அந்த எஸ்டேட்டில் எல்லோர் கையும் நீலமும் வெள்ளையுமாகத்தான் கிடக்கும். "மருந்து பட்டது" என்பார்கள். நான் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், போகவில்லை. அடுத்த மருந்தடிப்பும் வந்துவிட்டது, அதோடு விட்டுவிட்டேன்.

பழைய சீல் ஃபோர்க்கின் வாயில் இறுகிப்போய் அசைய மறுத்தது. வெளியிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றினால் உலோகம் விரிந்து சீல் தளரும் என்றார். அடுப்பில் கொதிக்கவைத்துக் கொண்டுபோனேன். அவர் ஃபோர்க்கின் கீழ்க்குழாயை வலது கையால் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினார். நான் ஊற்றினேன்.

"என்ன புள்ள, ஆறிப்போன தண்ணிய ஊத்தற? கொதிக்கக் கொதிக்கக் கொண்டா."

"இப்பத்தானுங்க எறக்குனேன். ஆவி வரது கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"இது குளிக்கற சூடு. சீலு எப்படி எளகும்?"

எனக்குக் கோபம் வந்தது. சொம்புக்குள் ஒரு விரலை விட்டேன். விட்ட வேகத்தில் எடுத்து வாயில் வைத்துக்கொண்டு குதித்தேன். அவர் சிரித்தார். ரைட்டர் கை காய்த்த கை, உன் கை பூப்போன்ற கை என்று கிண்டல் வேறு. ஆம்பிளை வீராப்பு என்று நினைத்துக்கொண்டு, சொம்பைத் துணியால் பிடித்தபடி மறுபடி ஊற்றினேன். தண்ணீர் உலோகத்தின் மேல் வழிந்து அவர் கை மேலேயும் ஓடியது. "கையக் கொஞ்சம் கீழ எறக்கிப் புடிங்க" என்று கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. சீல் மேலேயே கண்ணாக இருந்தார். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினார், பொக்கென்று வெளியே வந்து வாசலில் உருண்டது. இரண்டாவது குழாய்க்கும் இதே கூத்துதான்.

புது சீலுக்கு எண்ணெய் தடவி, மருந்தடிக்கிற பம்பின் உடைந்த குழாயை அதன் மேல் வைத்து, கோணாமல் தட்டித் தட்டி உள்ளே இறக்கினார். அதை மட்டும் அவ்வளவு பொறுமையாகச் செய்தார். புது எண்ணெயை டானிக் பாட்டில் மூடியால் அளந்து இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஊற்றினார். பனி விலகி நல்ல வெயில் வந்தபோது சக்கரமும் மாட்டியாகிவிட்டது. கைப்பிடியைப் பிடித்து ஃபோர்க்கை அமுக்கி அமுக்கி விட்டார். என் வெள்ளைத் துணியால் குழாயைச் சுற்றித் துடைத்துக் காட்டினார். துணியில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

"அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு ராணியாட்ட உக்காந்து வரலாம்" என்றார்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வளைவு வரைக்கும் போனார். நான் வாசல்படியில் நின்றேன். திரும்பி வருகிற சத்தம் கேட்டது. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்துவது அவர் வழக்கம். அன்று அங்கே நிற்கவில்லை. மெதுவாகத்தான் வந்தார், ஆனாலும் குழாயைத் தாண்டி, என்னைத் தாண்டி, விறகு அடுக்கில் போய் முட்டினார். விறகு சரிந்தது. அவர் விழவில்லை. இரண்டு காலையும் ஊன்றி உட்கார்ந்தபடி குனிந்து ஃபோர்க்கைப் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது.

"புதுசில்ல, செட்டாவணும்" என்றார்.

அவர் கை கழுவப் போனதும் நான் வண்டிக்குப் பக்கத்தில் போனேன். வலது கைப்பிடியில் இருக்கிற பிரேக்கை என் கையால் அழுத்திக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. விட்டேன், உருண்டது. மறுபடி அழுத்தினேன், ஆணி அடித்தாற்போல நின்றது. நானோ ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, கல்யாணத்துக்கு முன்னால் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. என் பிடிக்கு நிற்கிற வண்டி அவர் பிடிக்கு ஏன் நிற்கவில்லை? என் வாய் சும்மா இருக்காத வாய், ஊருக்கே தெரியும். அன்று ஒன்றும் கேட்காமல் சோறு போடப் போனேன்.

கொதிக்கிற ரசத்தை ஊற்றினேன். அவர் ஆறவைக்காமல் பிசைந்தார். நாளைக்கு மானேஜர் முன்னாலேயே சரிவில் ஓட்டிக் காட்டப்போவதாகப் பேசிக்கொண்டே பிசைந்தார். சோறு ஓரிடத்தில் சிவந்திருந்தது. மிளகாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவர் கவளத்தை எடுக்கக் கையைத் தூக்கியபோது உள்ளங்கை தெரிந்தது. பெரிய கொப்புளம் எழும்பி, உடைந்து, தோல் சுருண்டு, பச்சைச் சதை தெரிந்தது. அதன் மேல் மிளகும் புளியுமாக ரசம் வழிந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்ன புள்ள?"

கையைத் திருப்பிக் காட்டினேன். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

"சுடுதண்ணி பட்டிருக்குமாட்ட இருக்குது."

"வலிக்கலீங்களா?"

"குளுர்ல..." என்று ஆரம்பித்தவர் வாசலைப் பார்த்தார். வாசலில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் ஒரு சுவர் இருந்தது. மஞ்சள் அடித்து, கறுப்பு எழுத்தில் சுகாதாரத் துறைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் தொழுநோயாக, அதாவது பெருவியாதியாக, இருக்கலாம், மறைக்காமல் வந்து காட்டுங்கள், குணமாகும் என்று. கால் வீங்க நின்ற நாட்களில் எல்லாம் அதைப் படித்திருக்கிறேன். சினிமா போஸ்டரைப் படிப்பதுபோலத்தான் படித்தேன். நம் வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறது என்று யார் நினைப்பார்கள்? சோற்றுத் தட்டுக்கு முன்னால் அந்த மஞ்சள் சுவர் அப்படியே வந்து நின்றது. கூடவே, முந்தின வருஷம் இதே வியாதி என்று கூலிக்காரர்களின் லயன் வீடுகளிலிருந்து அனுப்பப்பட்ட, காப்பிப் பழம் பறிக்கும் ஒரு பெண்ணும் நினைவில் வந்தாள். அவள் பாயையும் பானையையும் யாரோ குச்சியால் தள்ளி ரோட்டில் வைத்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். அவள் அழவில்லை, பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பயந்தேன். அவருக்காகப் பயந்தேன், வேலைக்காக, வீட்டுக்காகப் பயந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே என் வயிற்றுக்காகப் பயந்தேன். ஒரு கை என்னையறியாமல் வயிற்றின் மேல் போய் உட்கார்ந்தது. அவர் அதைப் பார்த்தார். அவரும் அந்தச் சுவரைப் படித்தவர்தானே.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வியாதி அதுதான். வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார், குணமாயிற்று. எனக்கோ பிள்ளைக்கோ ஒன்றும் வரவில்லை. வலது சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை வளைந்தே நின்றது. அந்த எஸ்டேட்டில் எங்களால் இருக்க முடியவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயில் எங்கள் குடத்துக்கு இடம் விட்டுத் தள்ளி நிற்க ஆரம்பித்தார்கள், நாங்களே கிளம்பிவிட்டோம். ஆனால் இதெல்லாம் அந்த மத்தியானத்தில் எங்களுக்குத் தெரியாது.

கையைக் கழுவி, உள்ளங்கைக்கு மெல்லிய துணி சுற்றினேன். விரல்களை வெளியே விட்டேன். வாசலில் கழற்றிப்போட்ட சாமான்கள் ஒரு தகர டப்பாவில் கிடந்தன. அதை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தேன்.

"கண்ண மூடுங்க."

"எதுக்கு புள்ள?"

"மூடுங்க சொல்றேன்."

முதலில் இடது கை. ஒரு நட்டை வைத்தேன். "நட்டு." வாஷர். "வாஷரு." பழைய ஆயில் சீலை வைத்தேன். "இந்தச் சனியன எதுக்கு எடுத்தாந்த?" என்று சிரித்தார். பிறகு வலது கை விரல்களுக்கு நடுவே அதே சீலை வைத்தேன். விரல்கள் அதைத் தடவின. களத்தில் காப்பிக்கொட்டையை இரண்டு விரலால் நிமிண்டி, இன்னும் ஒரு வெயில் காணணும் என்று சொல்கிற விரல்கள் அவை. அதற்காகவே பக்கத்து எஸ்டேட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்புவார்கள். அந்த வருஷப் பருவத்தில் மட்டும் அவர் கொட்டையைக் கடித்துப் பார்த்தார். எலி மாதிரி இதென்ன புதுப் பழக்கம் என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன்.

"போல்ட்டு" என்றார்.

சீலை எடுத்துவிட்டு வாஷரை வைத்தேன். அவர் வெகுநேரம் காத்திருந்தார். "வெய்யி புள்ள, என்னமோ வெக்கறேன்னியே" என்றார். வாஷர் அவர் விரலிடுக்கில்தான் இருந்தது.

அப்போது வயிற்றில் பிள்ளை உதைத்தது. ஆறு மாதத்து உதை, மீன் வாலை அடிப்பது போல லேசாக இருக்கும். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அவர் வலது கையை என் வயிற்றில் வைத்துப் பார்ப்பார். ஐந்தாம் மாதத்திலிருந்தே அப்படி. ஒவ்வொரு நாளும், "தூங்குதாட்ட இருக்குது" என்று கையை எடுத்துவிடுவார். உள்ளே அது பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருக்கும். இவருக்குப் பிள்ளை மேல் கவனமே இல்லை, எண்ணமெல்லாம் வண்டி மேல்தான் என்று நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வேன்.

துணி சுற்றின அந்தக் கையை எடுத்து விரல்கள் படும்படி வயிற்றின் மேல் வைத்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. எங்கே வைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை உதைத்தது. இன்னொரு முறை உதைத்தது. நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"தூங்குது" என்றார், மெதுவாக.

அந்தக் கையை எடுக்காமல், அவருடைய இடது கையைப் பிடித்து அதற்குப் பக்கத்தில் வைத்தேன். பிள்ளை மறுபடி உதைத்தது. அவருடைய தோள் தூக்கிப்போட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்க்காமல், என் வயிற்றின் மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த தன் இரண்டு கையையும் பார்த்தார்.

"இத்தன நாளும் முழிச்சுத்தான் இருந்துச்சா புள்ள?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். "நாளைக்கு பஸ்ஸுல போலாமுங்க. நானும் வரேன்."